மாணவர் வீடியோ கேம் டிரெய்லருக்குச் சக மாணவர்களிடம் கருத்து வாங்குவது எப்படி? புதுச்சேரி, கடலூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீடியோ கேம் ஒன்றைச் செய்து, அதற்கு ஒரு நிமிட டிரெய்லரும் வெட்டி வைத்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிரெய்லரை எப்படி வெட்டுவது என்று சொல்லித்தர ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. வெட்டியதை நாலு பேரிடம் காட்டி, அவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதை வாங்கி வருவது எப்படி என்று சொல்லத்தான் ஆளில்லை. எங்கள் குழு அதில் மிகவும் திண்டாடியது. பார்த்தவர்கள் எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் காட்சியை நீக்குவது, எதை நீட்டுவது என்று முடிவெடுக்க முடியவில்லை.

எங்கள் கேம் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் கால்வாய்களில் படகு செலுத்துவது. ஓதம் ஏறும்போது சில வழிகள் திறக்கும், வற்றும்போது அடைபடும். நீர்மட்டம் பார்த்து வழி தேர்ந்தெடுப்பதுதான் விளையாட்டு. கீழே சொல்லும் உதாரணங்கள் பலவும் அதிலிருந்து வருபவை. உங்கள் கேம் வேறாக இருந்தாலும் படிகள் மாறாது.

1. கேட்பதற்கு முன் குழுவுக்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே, மற்றவரைப் பார்க்காமல், ஒரு தாளில் இரண்டு பதில்களை எழுதுங்கள். இந்த கேமில் விளையாடுபவர் என்ன செய்கிறார்? டிரெய்லரைப் பார்த்து முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால் யாரிடமும் போக வேண்டாம். முதலில் நீங்களே பேசி முடியுங்கள். செய்தவர்களுக்கே தெளிவில்லாததைப் பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்ள மாட்டார். இரண்டாம் கேள்விக்கான பதில், டிரெய்லர் போகும் இடத்தைப் பொறுத்தது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் விருப்பப்பட்டியலில் சேர்க்க வேண்டுமா, சிறு குழுக்கள் கேம் வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் உடனே பதிவிறக்க வேண்டுமா, புராஜெக்ட் மதிப்பீட்டில் தேர்வாளருக்கு உங்கள் உழைப்பு தெரிய வேண்டுமா? மூன்றுக்கும் ஒரே டிரெய்லர் பொருந்தாது. எந்த ஒன்றுக்காகக் கருத்துக் கேட்கிறீர்கள் என்பதைத் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

2. நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்

முழு வேலைக்கும் மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் முரட்டு வெட்டை (மெருகேற்றாத முதல் வரைவை) காட்டுவதற்கு, இரண்டாம் வாரம் திருத்தி மறுபடி காட்டுவதற்கு, மூன்றாம் வாரம் கடைசிச் சரிபார்ப்புக்கு. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே எடிட்டிங் செய்பவருக்குக் குறைந்தது நான்கு நாள் கொடுங்கள். முந்தைய நாள் இரவு வாங்கிய கருத்தை மறுநாள் காலை வெட்டில் போட்டால் அவசர முடிவுகள்தான் வரும்.

இந்தப் பகுதியில் நவம்பரைத் தவிர்ப்பது நல்லது. செமஸ்டர் தேர்வு நெருங்குவதால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். அதோடு வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது நகரில் பல தெருக்கள் நீரில் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம், விடுமுறை, பேருந்து எதையும் நம்பித் திட்டமிட முடியாத மாதம் அது. ஏப்ரலும் செய்முறைத் தேர்வு, ரெக்கார்டு நோட்டு என்று போய்விடும். ஜூலை பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரையும், பொங்கல் விடுமுறை முடிந்து மார்ச் வரையும் வசதியான காலம்.

ஒரு நாளில் எந்த நேரம் என்பதும் முக்கியம். கடைசி வகுப்பு முடிந்தவுடன் கேட்காதீர்கள். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று வெளியூருக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதிய உணவு இடைவேளையின் பிற்பாதி பொருத்தமான நேரம்.

3. தாள்களைத் தயார் செய்யுங்கள்

நண்பர்களுக்கு வீடியோ காட்ட எதற்குத் தாள் என்று தோன்றும். கீழே உள்ளவை இல்லாததால் பாதியில் நின்ற குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

அனுமதிக் கடிதம்: கல்லூரிக் கணினி ஆய்வகத்தையோ கருத்தரங்கக் கூடத்தையோ பயன்படுத்தத் துறைத் தலைவருக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். நாள், நேரம், அறை எண், எத்தனை பேர் வருவார்கள், புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்தான பிரதியின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். ஆய்வகத்தைத் திறந்துவிடுபவர் அதைத்தான் கேட்பார். வாய்மொழியாக வாங்கிய அனுமதி அவரிடம் செல்லாது.

உரிமப் பட்டியல்: டிரெய்லரில் நீங்கள் உருவாக்காத ஒவ்வொரு படம், ஒலி, இசை, எழுத்துரு எங்கிருந்து வந்தது, என்ன உரிமத்தில் வந்தது என்று ஒரு அட்டவணை. சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வகை. அதில் சிசி0 என்றால் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சிசி பை என்றால் படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். என்சி என்று சேர்ந்திருந்தால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. கேமை விற்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கோப்பை இப்போதே மாற்றுங்கள். கருத்தெல்லாம் வாங்கி முடித்த பிறகு இசையை மாற்ற நேர்ந்தால், வாங்கிய கருத்தில் பாதி செல்லாமல் போகும்.

குரல் ஒப்புதல்: பின்னணிக் குரல் கொடுத்தவர் தோழியின் பாட்டியாக இருந்தாலும் நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பார்வையாளர் சீட்டு: கால் பக்கம் போதும். பெயர் வேண்டாம். ஆண்டு, துறை, வாரத்தில் எவ்வளவு நேரம் கேம் விளையாடுவார், கைபேசியிலா கணினியிலா, தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். பார்ப்பவரின் முகத்தை வீடியோ எடுப்பதாக இருந்தால் அதற்கு ஒப்புதல் வரியும் கையெழுத்தும் தனியாக வேண்டும். பள்ளி மாணவர்களிடம் காட்டுவதாக இருந்தால் தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கருதுகிறது. முகமோ தொலைபேசி எண்ணோ அவர்களிடமிருந்து வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

4. பார்வையாளர்களை எண்ணிச் செலவழியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஒருவர் உங்கள் டிரெய்லரை முதன்முறையாகப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அவருக்குக் கதை தெரியும், முதலில் புரியாததும் புரிந்ததுபோல் ஆகிவிடும். ஆகவே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே போட்டுவிட்டால் உங்கள் கையிருப்பு முழுவதும் ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

பெயர்ப் பட்டியல் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஆட்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை பேர்? ஒன்றைப் பயன்படுத்துபவர்களிடமே கொடுத்துப் பார்க்கும் பயன்பாட்டுச் சோதனை பற்றி, அத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும், மிச்ச உழைப்பைத் திருத்தி மறுபடி சோதிப்பதில் செலவிடுங்கள் என்றார். அவர் பேசியது இணையதளங்களைப் பற்றி. டிரெய்லருக்கும் அந்த அணுகுமுறை நன்றாகவே பொருந்துகிறது. ஒரே மாதிரியான ஆட்கள் ஐந்து பேர் என்பது கணக்கு; இரண்டு வகை ஆட்களிடம் காட்டினால் வகைக்கு ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வகைகள்? நிறைய விளையாடுபவர்கள், எப்போதாவது கைபேசியில் விளையாடுபவர்கள், அறவே விளையாடாதவர்கள். விளையாடாதவர்களை விட்டுவிடாதீர்கள், தேர்வாளரும் போட்டி நடுவரும் பெரும்பாலும் அந்த வகைதான். கேமைச் செய்தபோது அருகில் இருந்து பார்த்த விடுதி அறை நண்பர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் எதுவும் குழப்பமாகத் தோன்றாது.

புதுச்சேரியில் படிப்பவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. இந்த ஒன்றியப் பகுதியில் காரைக்கால் மட்டுமல்ல, மாஹேயும் ஏனாமும் அடக்கம். மலையாளமும் தெலுங்கும் பேசி வளர்ந்த மாணவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவர்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களை ஒவ்வொரு சுற்றிலும் ஒருவராவது சேருங்கள். திரையில் வரும் தமிழ் வாசகம் இல்லாமல் காட்சி மட்டுமே கேமை விளக்குகிறதா என்பதை அவர் முகம் சொல்லிவிடும். எங்கள் டிரெய்லரில் நீர் வற்றுவதை ஒரு வாசகம் அறிவித்தது. தமிழ் படிப்பவர்கள் புரிந்துகொண்டார்கள். படிக்காதவர், படகு ஏன் நின்றது என்று கேட்டார். அதன் பிறகுதான் வேர்கள் வெளியே தெரியும்படி நீர்மட்டம் இறங்கும் காட்சியைச் சேர்த்தோம். வாசகத்தை எடுத்துவிட்டோம், தமிழ் படிப்பவர்களுக்கும் அதுவே தெளிவாக இருந்தது.

5. முரட்டு வெட்டையே காட்டுங்கள்

மெருகேறிய வீடியோவைக் காட்டினால் குறை சொல்லப் பார்ப்பவருக்குத் தயக்கம் வரும். இவ்வளவு உழைத்திருக்கிறார்களே என்று நினைப்பார். முதல் சுற்றில் நிறத்திருத்தம் வேண்டாம், எழுத்து அசைவுகள் வேண்டாம். முடியாத காட்சி இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோட்டோவியம் போதும். மூலையில் "சோதனைப் பதிப்பு" என்று சிறியதாக எழுதுங்கள். அதைப் பார்த்தாலே ஆட்கள் வாய் திறக்கிறார்கள்.

கோப்பைப் பொறுத்தவரை 1920×1080 அளவு, எச்.264 வடிவம், விநாடிக்கு 30 அல்லது 60 சட்டகம் என்று ஏற்றுமதி செய்தால் யூடியூப், ஸ்டீம் இரண்டிலும் செல்லும். எடிட்டிங் மென்பொருள்களில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடன்லைவ் இரண்டுமே இதற்குப் போதும். ஒரு எச்சரிக்கை: ரிசால்வின் இலவசப் பதிப்பை லினக்ஸில் பயன்படுத்துபவர்களுக்கு எச்.264 கோப்பு வேலை செய்யாது. கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் இருந்தால் கேடன்லைவுக்குப் போய்விடுங்கள்.

கோப்பின் பெயரில் வெட்டு எண்ணும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். "கடைசி", "உண்மையான கடைசி" என்றெல்லாம் பெயர் வைத்தால் எந்தக் கருத்து எந்த வெட்டுக்கு வந்தது என்று இரண்டாம் வாரத்தில் யாருக்கும் தெரியாது.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று சுத்தமான பிரதி. மற்றொன்றில் மூலையில் ஓடும் நேரம் தெரிய வேண்டும். முதல் தடவை சுத்தமானதைக் காட்டுங்கள். ஓடும் எண்கள் கண்ணை இழுக்கும். இரண்டாம் தடவை நேரம் உள்ளதைக் காட்டினால், "அங்கே ஒரு இடத்தில் சரியில்லை" என்பதற்குப் பதிலாக "22ஆவது விநாடி" என்று பதில் வரும்.

சினிமாப் பாட்டைத் தற்காலிகமாகப் போட்டு வைக்காதீர்கள். யூடியூப்பின் உரிமைச் சோதனையில் வீடியோ சிக்கும் என்பது சிறிய பிரச்சினை. பெரிய பிரச்சினை, ஆட்கள் பாட்டுக்குத் தலையாட்டியதை நீங்கள் டிரெய்லருக்குத் தலையாட்டியதாக எடுத்துக்கொள்வீர்கள். பொருத்தமான இசை கிடைக்கவில்லையென்றால் படகு, துடுப்பு, பறவை ஒலிகளோடு மட்டும் காட்டுங்கள்.

தமிழ் எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களிலும் கேம் எஞ்சின்களிலும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிட்டி எஞ்சினில் எழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இது அடிக்கடி நடக்கும். கோடோ எஞ்சினின் நான்காம் பதிப்பு இதைச் சரியாகவே காட்டுகிறது. எழுத்து உடைந்திருந்தால் பார்ப்பவர்கள் அதைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். வேறு கருத்து வராது. வேறு வழியில்லாவிட்டால் வாசகத்தைப் படமாகச் செய்து ஒட்டுங்கள்.

6. நேரில் காட்டும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்

ஒரு நேரத்தில் ஒருவர். மடிக்கணினி, ஹெட்போன், அமைதியான மூலை. எடிட்டிங் செய்தவர் அந்த இடத்தில் இருக்க வேண்டாம். தன் வேலையை ஒருவர் புரியாமல் விழிப்பதைப் பார்த்தும் பேசாமல் இருப்பது மிகவும் கடினம். குழுவில் வேறொருவர் உட்காரட்டும். பார்ப்பவருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் அவர் முகமும் திரையும் இரண்டும் தெரியும்.

தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "இது முடியாத வீடியோ. நீங்கள் என்ன சொன்னாலும் எங்களுக்கு உதவும்." கேமின் பெயரைச் சொல்லாதீர்கள், எதைப் பற்றியது என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் ஸ்லோவாக ஆரம்பிக்கும், பரவாயில்லை" என்று எச்சரிக்கவும் கூடாது. உண்மையில் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது.

குறிப்பெடுக்க ஒரு தாளை ஐந்து விநாடிக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டு அச்சிட்டு வையுங்கள். முகம் சுளித்தால் ஒரு குறி, முன்னால் சாய்ந்தால் ஒரு குறி, கண் கைபேசிக்குப் போனால் ஒரு குறி. ஐந்து பேரின் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் டிரெய்லர் தொய்கிறது என்பது யாரும் சொல்லாமலே தெரியும். பேச்சில் வந்த கருத்துகளை விட இந்தக் குறிகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஏனென்றால் முகம் மரியாதைக்காகப் பொய் சொல்வது கடினம்.

அமைதியான இடத்தில் காட்டியது போக, இரைச்சலான இடத்திலும் ஒரு முறை சோதியுங்கள். கடலூர்–புதுச்சேரி தனியார் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் நண்பரிடம் கைபேசியில் காட்டுங்கள். பாட்டு அலறும், சன்னல் வெளிச்சம் திரையில் விழும், வண்டி குலுங்கும். பெரும்பாலோர் டிரெய்லர் பார்ப்பது இப்படியான நிலையில்தான். எங்கள் முதல் காட்சி விடியற்காலை இருட்டில் இருந்தது. ஆய்வகத்தில் அழகாக இருந்த அது, பேருந்தில் வெறும் கறுப்புத் திரையாகத் தெரிந்தது. துடுப்பின் கனத்த ஒலியும் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்கவேயில்லை. கடற்கரைச் சாலையிலும் தேவனாம்பட்டினத்திலும் மாலையில் ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள் என்று போகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், ஹெட்போனை மறக்காதீர்கள். காற்றில் எதுவும் கேட்காது.

7. கேள்விகளின் வரிசையை மாற்றாதீர்கள்

வீடியோ முடிந்ததும் திரையை மூடிவிடுங்கள். முதல் கேள்வி எப்போதும் இதுவாகவே இருக்கட்டும்: "இந்த கேமில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், சுருக்காதீர்கள். எங்கள் முதல் சுற்றில் வந்த பதில் "படகுப் பந்தயம்". நாங்கள் செய்தது பந்தயமே அல்ல. வேகமான மூன்று காட்சிகள் முன்னால் வந்ததால் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். "நல்லா இருக்கிறதா" என்று கேட்டிருந்தால் "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பந்தயம் என்ற நினைப்போடு போயிருப்பார்கள்.

அடுத்து: கேமின் பெயர் நினைவிருக்கிறதா? எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது? எங்கே குழப்பமாக இருந்தது? இதைப் பார்த்ததும் வேறு எந்த கேம் ஞாபகம் வந்தது? கடைசியாக: இதை யாருக்காவது அனுப்புவீர்கள் என்றால் யாருக்கு? இந்தக் கேள்விக்கு வரும் பதில் மிகவும் பயனுள்ளது. "என் தம்பிக்கு, அவனுக்கு மீன்பிடி கேம் பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால் உங்கள் கேம் யாருக்கானதாகத் தெரிகிறது என்பது விளங்கிவிடும். "எல்லோருக்கும்" என்றால் யாருக்கும் அனுப்ப மாட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் பிறகு நேரம் தெரியும் பிரதியைப் போட்டு, பிடிக்காத இடத்தில் அவரே நிறுத்தட்டும் என்று விடுங்கள். அவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் "நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த நொடியே அவர் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டு உங்களுக்கு ஒத்துப்போகத் தொடங்கிவிடுவார்.

ஒரு ஆளுக்கு மொத்தம் 15 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

8. கூட்டமாகக் காட்டினால் முதலில் எழுத்து, பிறகு பேச்சு

வகுப்பு முழுவதற்கும் புரொஜெக்டரில் காட்ட ஆசிரியர் சொல்லலாம். நல்லதுதான், ஆனால் நம் கல்லூரிகளில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் முதலில் "நல்ல முயற்சி" என்றுவிட்டால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். சீனியர்கள் செய்த டிரெய்லரை முதலாண்டு மாணவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். முதல் வரிசையில் ஒருவர் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆகவே வீடியோ முடிந்ததும் யாரும் பேசுவதற்கு முன் சீட்டுகளைக் கொடுத்து ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள். சீட்டுகளை ஒரு பெட்டியில் போடச் சொல்லிவிட்டு அதன் பிறகு பேச்சைத் தொடங்குங்கள். கடைசியில் பேசும்படி ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

புரொஜெக்டரில் நிறம் வெளிறும், இருண்ட காட்சிகள் தெரியாது. "இருட்டாக இருக்கிறது" என்று கூட்டத்தில் வரும் கருத்தை மடிக்கணினியில் ஒருமுறை சரிபார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

9. இணையத்தில் கேட்கும்போது நான்கு பொறிகள்

வெளியூர் நண்பர்களுக்கு இணையம்தான் வழி. முதல் பொறி வாட்ஸ்அப். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, நகரும் காட்சிகளில் சதுரம் சதுரமாகத் தெரியும். வந்த கருத்து உங்கள் வெட்டைப் பற்றியதா, வாட்ஸ்அப் கெடுத்ததைப் பற்றியதா என்று தெரியாது. ஆவணமாக அனுப்புங்கள், அல்லது யூடியூப்பில் பட்டியலிடாத வீடியோவாக ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். குழுவில் முதலில் வரும் பதிலே எல்லோருடைய பதிலாகிவிடும்.

இரண்டாவது, யூடியூப்பில் ஏற்றியவுடன் இணைப்பை அனுப்புவது. உயர்தரப் பதிப்பு தயாராகச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் பார்ப்பவருக்கு மங்கலான பதிப்புதான் கிடைக்கும். நீங்களே வேறொரு கைபேசியில் திறந்து 1080 வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அங்கே கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள். பட்டியலிடாத வீடியோ என்றாலும் இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம், பகிரலாம் என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, ஏற்றிய வீடியோவை அதே முகவரியில் மாற்ற யூடியூப்பில் வழியில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் புதிய இணைப்பு வரும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் புதிய படிவமும் வைத்துக்கொண்டால் பதில்கள் கலக்காது. கூகுள் டிரைவில் வைப்பவர்கள், "இணைப்பு உள்ள எவரும்" என்று அனுமதியை மாற்றியதை உறுதிசெய்யுங்கள். அனுமதி கேட்டு நிற்கும் திரையைப் பார்த்த நண்பர் மறுபடி முயல மாட்டார்.

நான்காவது, கேள்விகளை வீடியோவுக்கு முன்பே காட்டிவிடுவது. கூகுள் படிவத்தில் முதல் பகுதியில் வீடியோவை மட்டும் வையுங்கள், கேள்விகளை இரண்டாம் பகுதியில் வையுங்கள். "கேமின் பெயர் என்ன?" என்று முன்பே தெரிந்தால் எல்லோரும் பெயரைத் தேடிக்கொண்டே பார்ப்பார்கள். மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம்.

10. செலவு

பெரிய செலவு கிடையாது. மென்பொருள், படிவம், யூடியூப் எல்லாம் இலவசம். சீட்டுகளும் கட்டத்தாள்களும் ஜெராக்ஸ் எடுக்க, பார்ப்பவர்களுக்கு டீயும் வடையும் வாங்க, ஊருக்கு ஊர் போய்வர என்று மூன்று சுற்றுக்கும் சில நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். காசு கொடுத்து ஆட்களைப் பார்க்க வைக்காதீர்கள். டீயையும் கருத்துச் சொல்லி முடித்த பிறகே கொடுங்கள். வாங்கிக் குடித்தவர் குறை சொல்லக் கூச்சப்படுவார். நல்ல ஹெட்போன் இல்லாவிட்டால் வகுப்பில் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

உண்மையான செலவு வெளியீட்டில்தான் வரும். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர், அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தத் தொகை கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்தே கேமை வெளியிட முடியும். விரைவில் வருகிறது என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரே முறை. புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர்கள் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து கேமைச் சோதித்த பிறகே வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். டிரெய்லர் கருத்துக்கு வந்தவர்களில் ஆர்வம் காட்டியவர்களிடம் அப்போதே கேட்டு வைத்தால் அந்த 12 பேரைத் தேடி அலைய வேண்டாம். இட்ச்.ஐஓ தளத்துக்குக் கட்டணம் இல்லை. முதல் கேம் என்றால் அங்கே தொடங்குங்கள் என்பேன்.

11. வந்த கருத்தைப் பிரிப்பது

எல்லாச் சீட்டுகளையும் ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள்: எந்த வெட்டு, எந்த விநாடி, எந்த வகைப் பார்வையாளர், அவர் வார்த்தை, நாங்கள் எடுத்த முடிவு. கடைசி நெடுவரிசையைக் குழுவாக உட்கார்ந்து நிரப்புங்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். எங்கே சரியில்லை என்பதைப் பார்ப்பவர் சரியாகச் சொல்வார். எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. "இங்கே முதலை ஒன்று வந்து தாக்கினால் நன்றாக இருக்கும்" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். அந்த இடத்தில் அவருக்குச் சலித்தது என்பது உண்மை. மற்ற மூவரின் தாளிலும் அதே கட்டத்தில் குறி இருந்தது. முதலையைச் சேர்க்கவில்லை. நீண்டிருந்த காட்சியைப் பாதியாகக் குறைத்தோம். அடுத்த சுற்றில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்து வைத்து அடுத்த சுற்று வரை காத்திருங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் உடனே மாற்றுங்கள். "என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்குத் தவறான பதில் மட்டும் இதற்கு விலக்கு: ஐந்தில் இரண்டு பேர் தவறாகச் சொன்னாலே தொடக்கக் காட்சிகளை மாற்ற வேண்டும். நிறைய விளையாடுபவர் "மெதுவாகப் போகிறது" என்றும் விளையாடாதவர் "வேகமாகப் போகிறது" என்றும் சொன்னால், முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, டிரெய்லர் யாருக்கானது என்று பாருங்கள். இருவரையும் திருப்திப்படுத்த நடுவேகத்தில் வெட்டினால் இருவருமே பாதியில் விட்டுவிடுவார்கள்.

அனுபவத்தில் அடிக்கடி வரும் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் குழுவின் சின்னமும் கல்லூரியின் சின்னமும் எஞ்சினின் சின்னமும் வரிசையாக வருவதை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள், முதல் ஐந்து விநாடிக்குள் விளையாடும் காட்சி வர வேண்டும். திரை வாசகம் படித்து முடிப்பதற்குள் மறைகிறது. சாதாரண வேகத்தில் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கும் நேரம் அது நிற்க வேண்டும். கேமின் பெயர் ஒரே ஒரு முறை, கடைசியில், இரண்டு விநாடி மட்டும் தெரிகிறது. டிரெய்லர் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுகிறது.

12. வெட்டைப் பூட்டுவது

புதிய ஐந்து பேரில் நால்வர் கேமில் என்ன செய்வார்கள் என்பதைச் சரியாகச் சொல்லி, பெயரையும் நினைவில் வைத்திருந்தால் வெட்டைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் யோசனைகளை அடுத்த கேமுக்கு எழுதி வையுங்கள். மூன்றாம் சுற்றிலும் அந்த நிலை வரவில்லை என்றால் சிக்கல் டிரெய்லரில் இல்லாமல் கேமிலேயே இருக்கலாம். வழிகாட்டும் ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

பூட்டிய பிறகு நிறத்திருத்தம் செய்து, ஒலி அளவைச் சமப்படுத்தி, "சோதனைப் பதிப்பு" என்ற எழுத்தை நீக்கி ஏற்றுமதி செய்யுங்கள். கருத்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் முடிந்த வீடியோவை அனுப்பி, அவர் சொன்னதால் எது மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய பட்டியலிடாத வீடியோக்களை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது முரட்டு வெட்டையே பகிர்ந்துகொண்டிருப்பார்கள். சீட்டுகளையும் அட்டவணையையும் வாய்மொழித் தேர்வு முடியும் வரை கோப்பில் வையுங்கள். சோதனை செய்தீர்களா என்று தேர்வாளர் கேட்கும்போது எடுத்து நீட்டலாம். பார்வையாளர்களின் முகம் பதிந்த வீடியோக்கள் இருந்தால் அவற்றுக்கு அவ்வளவு நாள் வேண்டாம், குறிப்பெடுத்த வாரத்திலேயே அழித்துவிடுங்கள்.